மலட்டுச் செடியின் மர்மம் கண்ட ஜானகி அம்மாள்



பரிசளிப்பு விழா மலரில் அறிஞர் ஒருவரின் வாழ்க்கையைப் படிப்பது நமக்கு வழக்கம்தானே. இந்த முறை நீங்கள் சந்திக்கப் போவது ஒரு பெண்மணியை. அவர் பெயர் ஜானகி அம்மாள். செடிகளின் உள்ளே ஒளிந்திருக்கும் கணக்கைப் படிப்பதிலேயே தம் ஆயுளைச் செலவிட்டவர். அவரிடம் போவதற்கு முன், நம்ம கெடாவில் பூக்கும் இரண்டு பூக்களைக் கொஞ்சம் பார்த்துவிட்டுப் போகலாம், வாருங்கள்.

இரண்டு பூக்கள், ஒரு புதிர்

பீடோங், செமிலிங், குருண் பக்கம் இருப்பவர்களுக்கு ஜெராய் மலை தினமும் கண்ணில் படும் மலை. அதன் மேட்டுக் காட்டில், பாறை இடுக்கிலும் சருகு மண்ணிலும் ஒரு வகை ஆர்க்கிட் வளர்கிறது. பூவின் கீழ் இதழ் பை போலக் குழிந்து, சிறு செருப்பின் முன்பக்கம் போலவே இருக்கும். அதனால் அதைச் செருப்பு ஆர்க்கிட் என்பார்கள். இந்த ஜெராய் மலைப் பூ கருஞ்சிவப்பு கலந்த ஊதா. பார்பாட்டம் என்பது அதன் இனப் பெயர். கடல் தாண்டி லங்காவித் தீவுக்குப் போனால், சுண்ணாம்புப் பாறைகளில் அதன் உறவுக்காரப் பூ ஒன்று இருக்கிறது. அது வெள்ளை வெளேரென்று, பொடிப் புள்ளிகளோடு பூக்கும். அதன் பெயர் நிவியம். (காட்டில் இவற்றைப் பார்த்தால் பிடுங்கிவிடாதீர்கள், பிள்ளைகளே! இந்த இனத்தைக் காட்டிலிருந்து எடுத்து நாடு விட்டு நாடு விற்பதை உலக ஒப்பந்தமே தடுக்கிறது.)

இப்படி இரண்டு அழகான இனங்களைப் பார்த்தால் மனிதனுக்குச் சும்மா இருக்க முடிகிறதா? ஒன்றின் மகரந்தத்தை எடுத்து இன்னொன்றின் சூல்முடியில் வைத்துப் புதுப் பூ ஒன்றை உண்டாக்கப் பார்க்கிறான். 1869ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஜான் டாமினி என்ற தோட்டக்காரர் உண்டாக்கிய கலப்புச் செருப்பு ஆர்க்கிட் பூத்தது. அதன் பெற்றோரில் ஒன்று நம்ம மலாயாவின் பார்பாட்டம், மற்றது பர்மாப் பக்கத்து வில்லோசம். அதற்கு ஹாரிசியானம் என்று பெயர் வைத்தார்கள். அன்று தொடங்கி ஆயிரக்கணக்கான கலப்பினங்கள் வந்துவிட்டன.

ஆனால் இந்த வேலையில் ஒரு வேதனையும் உண்டு. விதை முளைத்துச் செடி பூக்கவே பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கடைசியில் கண்ணைப் பறிக்கும் பூ வரும். அதை வைத்து அடுத்த தலைமுறை எடுக்கலாம் என்று ஆசையோடு மகரந்தம் வைத்தால், பல சமயம் காய் பிடிக்காது. பிடித்தாலும் உள்ளே பதர்தான் இருக்கும், உயிருள்ள விதை இருக்காது. செடி நன்றாகக் கொழுத்துத்தான் நிற்கிறது. உரத்திலும் குறையில்லை, தண்ணீரிலும் குறையில்லை. பின் ஏன் இந்த மலட்டுத்தனம்?

ஜோடி சேராத கணக்கு

உயிருள்ள எல்லாவற்றின் அணுவுக்குள்ளும் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. இலை எப்படி இருக்கணும், பூ என்ன நிறம், காய் என்ன ருசி என்பதெல்லாம் அந்த இழைகளில்தான் எழுதியிருக்கிறது. ஒவ்வோர் இனத்துக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. மனிதனுக்கு 46. அவற்றில் பாதி தந்தையிடமிருந்து, பாதி தாயிடமிருந்து வந்தவை.

காலையில் பள்ளித் திடலில் ஆசிரியர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக வரிசையில் நிற்கச் சொல்வார் இல்லையா? மகரந்தமும் சூலும் உருவாகும் நேரத்தில் குரோமோசோம்களும் அப்படித்தான் நிற்கின்றன. தந்தை வழி வந்த ஒன்று, தாய் வழி வந்த தன் ஜோடியைத் தேடிப் பக்கத்தில் போய் நிற்கும். பிறகு ஜோடி பிரிந்து, ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமும் போகும். அப்போதுதான் கணக்கு நேராக அமைந்த மகரந்தமும் சூலும் கிடைக்கும்.

இப்போது பார்பாட்டத்தைப் பாருங்கள். அதற்குக் குரோமோசோம் 38. வில்லோசத்துக்கு 26, லங்காவி நிவியத்துக்கும் 26தான். பார்பாட்டமும் வில்லோசமும் சேர்ந்த பிள்ளைக்கு ஒரு பக்கம் 19, மறுபக்கம் 13, ஆகமொத்தம் 32 வருகிறது. இரட்டைப்படை எண்தானே என்று நினைத்துவிடாதீர்கள்! 19 பேர் ஒரு பக்கமும் 13 பேர் மறுபக்கமும் நின்றால் எல்லாருக்கும் எப்படி ஜோடி கிடைக்கும்? கிடைக்கிற ஜோடியும் ஒத்த ஜோடியாக இருக்கணுமே! வரிசை குலைகிறது, மகரந்தம் கெடுகிறது, விதை பதராகிறது. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. இரண்டுக்கும் பிறந்த கோவேறு கழுதைக்கு 63. பாரம் சுமப்பதில் அதற்கு நிகர் இல்லை. ஆனாலும் அது குட்டி போடுவது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஆகவே மலட்டுத்தனம் என்பது வலுக்குறைவு அல்ல, பாவமும் அல்ல, சாபமும் அல்ல. அது ஜோடி சேராத ஒரு கணக்கு. இந்தக் கணக்கைக் கரும்பிலும் கத்தரியிலும் மக்னோலியா மரத்திலும் ஆராய்ந்தவர்களில் முன்வரிசையில் நின்றவர் ஜானகி அம்மாள்.

தலச்சேரியில் பிறந்த பெண்

1897ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார்ப் பகுதியில், தலச்சேரியில் அவர் பிறந்தார். முழுப்பெயர் எடவலத்து கக்கட் ஜானகி. தந்தை கிருஷ்ணன் நீதிபதி. பறவைகளையும் செடிகொடிகளையும் பார்த்துக் குறிப்பெழுதும் பழக்கம் உள்ளவர். பெரிய குடும்பம், பத்தொன்பது பிள்ளைகள்! அம்மா தேவியின் தந்தை ஹானிங்டன் என்ற ஆங்கில அதிகாரி. ஆக, கலப்பு என்பது ஜானகிக்குப் பின்னாளில் படித்த பாடம் மட்டுமல்ல, சொந்த வீட்டிலேயே இருந்த விஷயம்.

குடும்பம் தீயர் சமூகத்தைச் சேர்ந்தது. சாதியின் படிக்கட்டில் மேலே உள்ளவர்கள் கீழே தள்ளி வைத்த சமூகம் அது. அந்தக் காலத்தில் பெண் என்றால் வயது வந்ததும் கல்யாணம் என்பதுதான் வழக்கம். அவருடைய சகோதரிகள் ஒவ்வொருவராகக் கல்யாணம் முடித்துப் போனார்கள். ஜானகிக்கோ படிப்பின் மேல்தான் மனம். தலச்சேரியில் பள்ளிப் படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து ராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்து 1921இல் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாகவும் இருந்தார்.

அப்போது அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆசியப் பெண்களுக்கென்றே பார்பர் உபகாரச் சம்பளம் ஒன்று இருந்தது. 1924இல் அது ஜானகிக்குக் கிடைத்தது. கல்யாணப் பேச்சை ஒதுக்கி வைத்துவிட்டுக் கப்பலேறினார். கடைசிவரை அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. மிச்சிகனில் முதுகலைப் பட்டம் பெற்றார். இந்தியா திரும்பிக் கொஞ்ச காலம் பணியாற்றிவிட்டு மறுபடியும் அங்கே போய் 1931இல் டாக்டர் பட்டமும் வாங்கினார். தாவரவியலில் அந்தப் பட்டம் பெற்ற இந்தியப் பெண்களில் அவரே முன்னோடி. அங்கே அவர் ஆராய்ந்தவற்றில் நம்ம வீட்டுக் கத்தரியும் ஒன்று! சாதாரணக் கத்தரிக்குக் குரோமோசோம் 24. அந்த எண்ணிக்கைக்கு மேல் பெருகிய கத்தரிச் செடி ஒன்றைப் பற்றி அவர் கட்டுரை எழுதினார்.

கோயம்புத்தூரின் கரும்புக் காட்டில்

நாடு திரும்பித் திருவனந்தபுரத்தில் இரண்டு ஆண்டுகள் பேராசிரியையாக இருந்தார். 1934இல் கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் மரபியல் ஆய்வாளராகச் சேர்ந்தார்.

கரும்பு என்றால் நமக்கும் ஓர் உறவு இருக்கிறது. ரப்பர் வருவதற்கு முன்பே, பத்தொன்பதாம் நூற்றாண்டில், நம்ம முன்னோர்கள் ஒப்பந்தக் கூலிகளாக வந்து இறங்கிய இடங்களில் செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களும் உண்டு. தாத்தா பாட்டி வழியில் அந்தக் கதை கேட்ட குடும்பங்கள் இன்றும் இருக்கலாம்.

கோயம்புத்தூர் நிலையம் 1912இல் தொடங்கியது. அந்தச் சீமையில் கரும்பு நன்றாகப் பூக்கும் என்பதால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். தடித்து இனித்த கரும்பு ஒரு பக்கம். அது நோய்க்கும் குளிருக்கும் தாங்காது. ஆற்றங்கரையில் தானாக வளரும் மெலிந்த பேய்க்கரும்பு மறுபக்கம். அதில் சாறும் இல்லை, இனிப்பும் இல்லை. ஆனால் எதையும் தாங்கும்! பார்பரும் வெங்கட்ராமனும் இரண்டையும் கலந்து கோ 205 என்ற புதுக்கரும்பை 1918இல் உழவர்களுக்குக் கொடுத்திருந்தார்கள்.

ஜானகி அம்மாள் வந்து செய்தது என்ன? அந்தக் கலப்புகளின் உள்ளே என்ன நடக்கிறது என்று நுண்பெருக்கியின் கீழே வைத்து எண்ணினார். இனிப்புக் கரும்புக்குக் குரோமோசோம் 80. பேய்க்கரும்புக்கு ஊருக்கு ஊர் மாறும். 40 முதல் 128 வரை போகும்! எந்தக் கரும்பு எந்தக் கரும்போடு சேரும் என்பதற்கு இந்த எண்கள்தான் வழிகாட்டி.

அதோடு அவர் நிற்கவில்லை. கரும்பை அதன் தூரத்து உறவுகளோடும் கலந்து பார்த்தார். சோளம், மக்காச்சோளம், ஏன், நம்ம தோட்டத்தில் ஒழிக்க ஒழிக்க முளைக்கும் அந்த லாலாங் புல்லோடு கூடக் கலந்தார்! லாலாங்கோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும், அது என்ன லேசுப்பட்ட புல்லா? தீ வைத்தாலும் சாகாது. மக்காச்சோளக் கலப்பைப் பற்றிய அவருடைய செய்தி 1938இல் லண்டனின் ‘நேச்சர்’ இதழிலேயே வந்தது.

இப்படித் தூரத்து உறவில் பிறந்த செடிகள் பெரும்பாலும் மலடாகத்தான் இருக்கும். கரும்பு விவசாயிக்கு இதனால் நட்டமில்லை. அவர் விதை போடுவதில்லையே, கரணை வெட்டித்தானே நடுகிறார்! நம்ம ரப்பர்த் தோட்டத்து ஒட்டுக்கன்று மாதிரிதான். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற மரம் ஒரு காலத்தில் கைமகரந்தம் வைத்துப் பிறந்த ஒரே ஒரு கன்று. அதிலிருந்து கண் எடுத்து ஒட்டி ஒட்டித்தான் நிரை நிரையாகப் பெருகியது. ஆனால் புது இனம் உண்டாக்கும் ஆராய்ச்சியாளருக்கு மலடு என்றால் பாதை அங்கேயே அடைபட்டுப் போகிறது. அடுத்த கலப்புக்கு விதை வேண்டுமே!

கோயம்புத்தூரில் அவருக்கு மனநிம்மதி அதிகம் இல்லை. ஆண்கள் நிறைந்த இடத்தில் தனித்த ஒரு பெண். போதாக்குறைக்குச் சாதியின் நிழல் வேறு. ஆனாலும் அவருடைய வேலையை உலகம் கவனித்தது. சர் சி.வி. ராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் 1935இலேயே அவரை உறுப்பினராக்கியது.

குண்டுமழையில் ஒரு நூல்

1939இல் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குப் போனார். போன இடத்தில் இரண்டாம் உலகப் போர் மூண்டுவிட்டது. திரும்பவில்லை, லண்டனை அடுத்த ஜான் இன்னஸ் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். இரவில் வானத்திலிருந்து குண்டு, பகலில் நுண்பெருக்கியில் கண். சேலை மறைவில் ஓர் அணில்குட்டியை இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் வளர்த்தார் என்று அவர் குடும்பத்தில் ஒரு கதையும் உண்டு!

அங்கே டார்லிங்டன் என்ற பேரறிஞரோடு சேர்ந்து, மனிதன் பயிரிடும் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் திரட்டிப் பெரிய நூல் ஒன்றை 1945இல் வெளியிட்டார். எந்தச் செடியை எதனோடு சேர்க்கலாம் என்று தேடுபவர்களுக்கு அது ஒரு பஞ்சாங்கம் மாதிரி.

பிறகு விஸ்லியில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் பணி. அங்கே அவர் கையாண்ட மருந்தின் பெயர் கால்ச்சிசின். அது எங்கோ இருக்கும் வேற்று மருந்து என்று நினைக்காதீர்கள். நம்ம செங்காந்தள் இருக்கிறதே, கார்த்திகைப்பூ என்பார்களே, அதன் கிழங்கிலும் விதையிலும் உள்ள நஞ்சு அதுதான்! தப்பித்தவறி வாயில் வைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆனால் செடியின் குருத்தில் அளவாக வைத்தால் ஓர் அதிசயம் நடக்கும். அணு இரண்டாகப் பிரியும்முன் குரோமோசோம்கள் தம்மைப் படியெடுத்து இரட்டிப்பாகின்றன. பிறகு அவற்றை இரு பக்கமும் இழுத்துச் செல்ல நூல்கள் வரும். கால்ச்சிசின் அந்த நூல்களைத் தடுத்துவிடும். பிரிய வேண்டியவை ஒரே அணுவிலேயே தங்கிவிடும். 32 இருந்தால் 64 ஆகும்.

இப்போது மறுபடியும் நம்ம மலட்டுக் கலப்பினத்தை நினைத்துப் பாருங்கள். அதில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஒத்த ஜோடி இல்லை என்பதுதானே குறை? இரட்டிப்பானதும் ஒவ்வொன்றுக்கும் தன் நகலே ஜோடியாக வந்து நிற்கிறது! வரிசை நேராகிறது. பல கலப்பினங்களில் மலடு நீங்கி விதை பிடிப்பது இப்படித்தான். எல்லாச் செடிக்கும் இது பலிக்காது. ஆனால் அடைபட்ட கதவில் ஒரு திறப்பு கிடைத்துவிட்டது. ஆர்க்கிட் வளர்ப்பவர்களும் இந்த வழியைக் கையாள்கிறார்கள்.

ஜானகி அம்மாள் விஸ்லியில் மக்னோலியா நாற்றுகளுக்குக் கால்ச்சிசின் வைத்தார். இலை தடித்து, பூ வலுத்து மரங்கள் வளர்ந்தன. அவற்றில் வெள்ளைப் பூப் பூக்கும் ஒரு வகைக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். தலச்சேரிப் பெண்ணின் பெயரில் ஆங்கிலேயர் தோட்டத்தில் ஒரு மரம்!

தாய்நாட்டின் அழைப்பு

1951இல் பிரதமர் நேரு அழைத்தார். இந்தியத் தாவர ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியை எப்படி மாற்றிவிட்டான் என்று ஆராய உலக அறிஞர்கள் கூடிய மாநாட்டில் அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர்தான். பிறகு அலகாபாத், ஜம்மு என்று பணி தொடர்ந்தது. மலைவாழ் மக்கள் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று காடு காடாகப் போய்க் கேட்டு எழுதினார். 1970க்குப் பின் சென்னைக்கு வந்து, மதுரவாயலில் இருந்த பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் மூலிகை வளர்த்துக்கொண்டு எளிமையாக வாழ்ந்தார். 1977இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது.

எண்பது வயதைத் தாண்டியும் ஓயவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழை ஆற்றை அணைகட்டி மறித்துக் காட்டை மூழ்கடிக்கத் திட்டம் வந்தபோது, எதிர்த்தவர்களின் வரிசையில் நின்றார். அங்குள்ள செடிகளின் குரோமோசோம் கணக்கை எடுப்பதிலும் முனைந்தார். 1983இல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7ஆம் நாள் அவர் கண் மூடினார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

நமக்கு என்ன?

பெற்றோர்களே! பிள்ளை இல்லாத பெண்ணை மலடி என்று சொல்லும் வாய் நம்ம ஊரிலும் இருந்தது. இன்றும் முழுசாக ஓய்ந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? மணமும் மக்கட்பேறும் இல்லாமல் வாழ்ந்த ஜானகி அம்மாள் விட்டுச் சென்ற செல்வத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். கரும்பு, கத்தரி, மக்னோலியா, ஒரு பெரிய நூல், காப்பாற்றப்பட்ட ஒரு காட்டில் ஒரு பங்கு. செடியில் அவர் கண்டதும் இதைத்தான்: மலடு என்பது தரத்தின் குறை அல்ல. ஒத்த துணையும் உரிய சூழலும் அமைந்தால் அதுவும் காய்க்கும்.

ஒரு காலத்தில் நம்ம தோட்டங்களில் ஆறாம் வகுப்போடு நின்ற பெண் பிள்ளைகள் எத்தனை பேர்! தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், அம்மாவுக்கு நிரையில் கைகொடுக்கவும் புத்தகத்தை மூடி வைத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மூளை இல்லாமலா போயிற்று? வாய்ப்புத்தான் ஜோடி சேரவில்லை. ஜானகிக்கு ஓர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. உங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் எங்கோ ஒன்று காத்திருக்கும். ஆசிரியர்களைக் கேளுங்கள், விண்ணப்பம் போடுங்கள், தயங்காதீர்கள்.

மாணவச் செல்வங்களே! உங்களுக்கு ஒரு சிறு வேலை. வீட்டில் ரஸ்தாளியோ பெராங்கானோ வாங்கினால், ஒரு பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் கருப்புப் பொட்டுப் பொட்டாகத் தெரியும். அவை விதையாக முடியாமல் நின்றுபோனவை. காட்டு வாழைக்குக் குரோமோசோம் 22, அதில் கல் மாதிரி விதை இருக்கும். இந்த வாழைகளுக்கோ 33. ஏன் விதை இல்லை என்பதை இப்போது நீங்களே தம்பி தங்கைக்கு விளக்கிச் சொல்லலாம். அந்த விளக்கத்தைச் சொல்லும்போது ஜானகி அம்மாளின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.